அப்பா வளர்த்த இரண்டு கிளிகளை யாரிடம் ஒப்படைப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பா காலமாகிவிட்டார். அம்மா அம்பத்தூரில் தனியாக இருக்கிறார், நீங்கள் ஹைதராபாத்தில். வீட்டில் அப்பா வளர்த்த இரண்டு கிளிகள்: ஏழு வருடமாகக் கூண்டில் இருக்கும் ஒரு பச்சைக்கிளி, பன்னிரண்டு வயதாகும் ஒரு ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளி. அப்பா போன பிறகு கிரே மார்பு இறகுகளைப் பிடுங்கிக்கொள்கிறது, சாயங்காலம் ஆனால் கத்தித் தீர்க்கிறது. அம்மாவுக்கோ ஒன்றரை மாதமாக வறட்டு இருமல். பச்சைக்கிளியைத் திறந்துவிட்டு, கிரேயை முகநூலில் இலவசமாகக் கேட்பவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது, கிளிகளும் அம்மாவும் துன்பப்படாமல், சட்டச் சிக்கலும் இல்லாமல் இவற்றை எப்படிக் கைமாற்றுவது என்பதுதான். மீட்கப்பட்ட கிளிகளுக்கு வைத்தியம் பார்த்து, வேறு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இரண்டு கிளிகளுக்கும் வழி வேறு வேறு. அதைக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

முதலில் பச்சைக்கிளி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. கழுத்தில் வளையம் உள்ள பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி, மலையில் இருக்கும் நீலச் சிறகுக் கிளி எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சினிமா நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று, அபராதம் கட்ட வைத்தது செய்தித்தாள்களில் வந்தது. ஆகவே பச்சைக்கிளியை நண்பருக்கோ, பக்கத்து வீட்டுக்கோ, கிளி கேட்டு அலையும் சொந்தக்காரருக்கோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தச் சிக்கலை அவர் தலையில் கட்டுகிறீர்கள், நீங்களும் விடுபடுவதில்லை. ஒப்படைக்க வேண்டிய ஒரே இடம் வனத்துறை. புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்பிடம் கொண்டுபோனாலும் அவர்களும் கடைசியில் அங்கேதான் கொடுக்க வேண்டும்.

வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தானாக முன்வந்து ஒப்படைப்பவர்களிடம் கேள்வி கேட்டு அலைக்கழிக்காமல் கிளியை வாங்கிக்கொள்வதுதான் பொதுவான நடைமுறை. வீடு தேடி வந்து பறிமுதல் செய்வதற்கும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் அதிகாரிகள் நிச்சயம் வித்தியாசம் பார்க்கிறார்கள். ஆனால் இது நடைமுறைதான், சட்டத்தில் எழுதப்பட்ட விலக்கு இல்லை. அதனால் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ முதலில் போன் செய்து, யாரிடம், எந்த நேரத்தில் கொண்டுவருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: கிளி எப்படி வந்தது, எத்தனை வருடமாக இருக்கிறது, வளர்த்தவர் காலமாகிவிட்டார், குடும்பத்தால் பராமரிக்க இயலவில்லை, தானாக முன்வந்து ஒப்படைக்கிறோம். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றை இணையுங்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். முடிந்தால் அன்று நீங்களே உடன் இருங்கள். அம்மா தனியாகப் போவது தேவையில்லாத மன உளைச்சல்.

பச்சைக்கிளி நம்ம ஊர்ப் பறவைதானே, மொட்டை மாடியில் திறந்துவிட்டால் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளாதா என்பது உங்கள் கேள்வி. சேராது. ஏழு வருடம் இரண்டடிக் கூண்டில் இருந்த கிளிக்கு நூறடி தூரம் ஒரே மூச்சில் பறக்கும் மார்புத் தசை இருக்காது. இறக்கை வெட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஒருவர் துண்டால் மெதுவாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஒரு இறக்கையை விரிக்க வேண்டும். வெளி ஓரத்தில் உள்ள நீண்ட பத்து இறகுகளும் நுனியில் கூம்பி முடிந்தால் நல்லது. நுனி நேர்கோட்டில் துண்டித்தது போல் நின்று, நடுத் தண்டு வெள்ளைக் குழலாகத் தெரிந்தால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இறகு வளராது. அது உதிர்ந்து புது இறகு முளைத்தால்தான் உண்டு, அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம்கூட ஆகலாம். சீக்கிரம் முளைக்கட்டும் என்று பிடுங்கிவிடாதீர்கள். ரத்தம் கொட்டும், இறகு முளைக்கும் குழியே கெட்டுப்போகலாம். பறக்கத் தெரிந்த கிளியாக இருந்தாலும், பசித்தால் மனிதர்களைத் தேடி எந்த வீட்டு ஜன்னலிலாவது வந்து உட்காரும். பெரும்பாலும் காக்கையோ பூனையோ முந்திக்கொள்ளும், தப்பினால் இன்னொரு கூண்டு. முறையாக விடுவது என்றால் நீளமான பறக்கும் கூண்டில் மற்றக் கிளிகளோடு சில மாதங்கள் வைத்து, இலை தழை, கிளையோடு கூடிய காய்களைத் தின்னப் பழக்கி, நோய் இல்லை என்று பார்த்த பிறகு, கிளிக்கூட்டம் அடையும் மரங்களுக்குப் பக்கத்தில் விட வேண்டும். குஞ்சிலிருந்தே கையில் ஊட்டி வளர்த்து, பேசப் பழகிய கிளி இவ்வளவு செய்தும் காட்டுக்குத் தேறுமா என்பது சந்தேகம்தான். சில தேறுகின்றன, சில கடைசிவரை மறுவாழ்வு மையத்துக் கூண்டிலேயே கூட்டத்தோடு இருந்துவிடுகின்றன. அப்படி இருந்தாலும் தனிக் கூண்டில் இருப்பதைவிட அது மேல்.

இனி கிரே. இதில்தான் வேலை அதிகம். ஆப்பிரிக்கன் கிரே வெளிநாட்டுப் பறவை என்பதால் வளர்ப்பதற்குத் தடை இல்லை, ஆனால் பதிவு வேண்டும். 2017 ஜனவரி முதல் இது, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள வரிசையில் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஜூனில் தானாக முன்வந்து தெரிவிக்கும் திட்டம் ஒன்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்தது. பிறகு 2024 பிப்ரவரி 28இல் பதிவு விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும்; புதிதாகப் பெறுபவர்கள் பெற்ற முப்பது நாட்களுக்குள் பதிய வேண்டும். பறவை கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அப்பாவின் மின்னஞ்சல், அலமாரி, ஃபைல்கள் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். 2020லேயோ 2024லேயோ பதிந்த சான்று இருந்தால் வேலை பாதி முடிந்தது. கிளியின் காலில் மூடிய வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லை என்றால் மறைக்காமல், பச்சைக்கிளியை ஒப்படைக்கும்போதே எழுத்து மூலம் தெரிவித்து, காலம் கடந்த பதிவுக்கு என்ன செய்வது என்று கேளுங்கள். அதற்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதில் வருகிறது. ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். பதிவு சீராகும் வரை யாருக்கும் கைமாற்ற வேண்டாம். கொண்டையுள்ள காக்கட்டீல் கிளி, கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சின்னக் கிளி போன்றவை சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால் அவற்றுக்கு இந்தச் சுமை கிடையாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வீடு தேடுவதற்கு முன்னால் அம்மாவின் இருமல். கிரே, காக்டூ, காக்கட்டீல் ஆகிய மூன்று கிளி வகைகளும் உடம்பிலிருந்து வெள்ளைத் தூளை உதிர்ப்பவை. இறகைப் பராமரிக்க இயற்கை கொடுத்த தூள் அது. டிவி மேல், மின்விசிறி இறக்கை மேல் படிவது அதுதான். சிலருக்கு அதுவே நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். நாள்பட விட்டால் நுரையீரல் தடித்துப்போய்த் திரும்பாத நிலைக்குப் போகலாம். இன்னொரு சாத்தியம் சிட்டகோசிஸ் என்ற கிருமித் தொற்று. கிளியின் எச்சம் காய்ந்து தூசியோடு மூச்சில் போவதால் மனிதருக்கு வரும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று சாதாரண நிமோனியா போலவே தோன்றும். இருமல் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை, எழுத்தைப் படித்து அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் அம்மா மருத்துவரிடம் ‘வீட்டில் கிளிகள் இருக்கின்றன’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யாருக்கும் யோசனை போகாது. அதுவரை கூண்டை அம்மா படுக்கும் அறையிலிருந்து வெளியே மாற்றுங்கள். கூண்டின் அடித்தட்டில் செய்தித்தாள் விரித்து, தினமும் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு சுருட்டி எடுக்க வேண்டும். உலர்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது. சுத்தம் செய்பவர் என்95 முகக்கவசம் போடட்டும். வாரம் மூன்று நாலு முறை காலை வெயில் நேரத்தில் கிரே மேல் வெறும் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால் தூள் கணிசமாகக் குறையும், தோல் அரிப்பும் தணியும்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பறவை பார்க்கிறார்கள், தனியாகப் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர்களும் நகரில் உண்டு. நாய் பூனை மட்டும் பார்ப்பவரிடம் கொண்டுபோவதில் பயன் குறைவு. கேட்க வேண்டிய பரிசோதனைகள் இவை: சிட்டகோசிஸுக்கும், கிளிகளின் அலகு-இறகு நோய் வைரஸுக்கும் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), ரத்த அணுக்கள், கல்லீரல், கால்சியம் அளவு. சிட்டகோசிஸ் இருந்தால் டாக்ஸிசைக்ளின் மருந்து, வழக்கமாக 45 நாள். முடியும் வரை கிளியை நகர்த்தக் கூடாது. அலகு-இறகு நோய்க்கு மருந்து கிடையாது. இருந்தால் வேறு கிளிகள் உள்ள வீட்டுக்கு ஒருபோதும் அனுப்பக் கூடாது. வீட்டிலேயே நீங்கள் கவனிக்கக்கூடிய ஒரு அடையாளம் உண்டு. நலமான கிரேயின் கறுத்த அலகு மேல் எப்போதும் மெல்லிய சாம்பல் படலம் இருக்கும், விரலால் தடவினால் கோடு விழும். அலகு பாலிஷ் போட்டது போல் பளபளக்கிறது என்றால் தூள் உற்பத்தி நின்றிருக்கிறது என்று அர்த்தம். அதுவே நோய் என்று ஆகிவிடாது, ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கிரே இனத்துக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரும் பழக்கம் உண்டு. சூரியகாந்தி விதையே கதி என்று இருந்து, வெயிலும் படாத கிளிகளில் இது அதிகம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பால்கனியில், பாதி நிழல் இருக்கும்படி, ஆள் பக்கத்தில் இருக்க, காலையில் இருபது முப்பது நிமிடம் வைக்கலாம்.

இறகைப் பிடுங்குவது பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்ததும் முடியாததும் உண்டு. தலையில் இறகு முழுசாக இருந்து மார்பிலும் தொடையிலும் மட்டும் போயிருந்தால் அது தானே பிடுங்கிக்கொள்கிறது. தலையைத்தான் அதன் அலகு எட்டாது. தலையிலும் போயிருந்தால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். வளர்த்தவர் மறைந்த பிறகு கிரே இப்படிச் செய்வது அடிக்கடி காணும் விஷயம், ஆனால் துக்கம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கல்லீரல் கோளாறு, தோல் தொற்று, ஈய அல்லது துத்தநாக நஞ்சு எல்லாம் இதே தோற்றத்தைக் கொடுக்கும். புதிதாக வாங்கிய துத்தநாகம் பூசிய கம்பிவலைக் கூண்டாக இருந்தால் அதை வினிகரும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். கழுவியிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், தினமும் கிழித்துப் போட எதையாவது கொடுப்பதுதான் முதல் வைத்தியம்: வேப்பங்குச்சி, கொய்யாக் கிளை, தென்னை ஓலைத் துண்டு, உள்ளே இரண்டு விதை வைத்து முறுக்கிய வெள்ளைத் தாள். உணவைக் கிண்ணத்தில் கொட்டாமல் தேடித் தின்ன வைத்தால் பிடுங்குவதற்கு நேரம் குறையும். இறகு திரும்ப முளைக்குமா? சில மாதங்களாகப் பிடுங்குவது என்றால் பெரும்பாலும் முளைக்கும். வருடக்கணக்கானால் குழி வடுவாகி, அந்த இடம் மொட்டையாகவே நின்றுவிடும். எப்படி ஆனாலும் புது வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அழகுக்காகக் கிளி கேட்பவர் அந்த இடத்திலேயே விலகிவிடுவார், அது நல்லதுதான்.

கத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கிளி குரல் கொடுப்பது இயல்பு. கூட்டத்தில் யார் எங்கே என்று கேட்கும் அழைப்பு அது. உங்கள் அப்பா சாயங்காலம் வீடு திரும்பும் நேரத்தில் கத்துகிறது என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. அப்போது அதட்டினாலும் ஓடிப் போய்ப் பார்த்தாலும் கத்தினால் ஆள் வருகிறார்கள் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். கத்துவதற்கு அரை மணி முன்னாலேயே, அமைதியாக இருக்கும்போது, அம்மா கூண்டுப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாயங்காலத் தீனியைக் கொடுக்கட்டும். கத்தும்போது பக்கத்து அறையிலிருந்து மெல்ல ஒரு சீட்டி அடித்தால் போதும். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். இரவு பதினொன்று வரை சீரியல் ஓடும் ஹாலில் தூங்கும் கிளி மறுநாள் எரிச்சலோடுதான் இருக்கும்.

இப்போது இலவசமாகக் கேட்பவர்கள். பழகிய, பேசும் கிரே ஒன்றுக்குச் சந்தையில் பல பத்தாயிரம் ரூபாய் விலை. ‘இலவசமாகக் கொடுக்கப்படும்’ என்று பொதுவெளியில் போட்ட உடனே முதலில் வருபவர்களில் பலர் கைமாற்றி விற்பவர்கள். அவர்கள் முதலில் கேட்பது ‘ஆணா, பெண்ணா?’ அடுத்தது ‘இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்ளலாமா?’ உண்மையில் வளர்க்க நினைப்பவர் என்ன சாப்பிடும், யாரிடம் பழகும், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். இனப்பெருக்கத்துக்கு ஜோடி தேடுபவரிடமும் கொடுக்காதீர்கள். மனிதரோடு பன்னிரண்டு வருடம் வாழ்ந்த கிளியை இருட்டான பெட்டிக் கூண்டில் அடைத்து முட்டை வைக்கச் சொல்வது கொடுமை. பணம் வாங்கித்தான் பொறுப்பானவரைச் சோதிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சைட்டிஸ் முதல் பட்டியலில் உள்ள பறவையில் பணப் பரிமாற்றம் வேண்டாத சிக்கல். அதற்குப் பதில், மருத்துவப் பரிசோதனைச் செலவை அவரே மருத்துவமனையில் நேரடியாகக் கட்டட்டும், தகுந்த கூண்டை முன்கூட்டியே வாங்கிக் காட்டட்டும். அதற்குத் தயங்குபவர் பின்னால் கிளிக்கு உடம்பு சரியில்லாதபோதும் தயங்குவார்.

கூண்டு குறைந்தது மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம் இருக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே முக்கால் அங்குலம் முதல் ஓரங்குலம் இடைவெளி. அதற்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும். வட்டக் கூண்டு வேண்டாம். சாதாரணக் கொக்கியை கிரே அலகால் திறந்துவிடும், பூட்டு அவசியம். வீட்டை நேரில் பார்க்க முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் சமையலறையிலிருந்து தொடங்கி முழு வீட்டையும் காட்டச் சொல்லுங்கள். அடுப்படிக்கும் கூண்டுக்கும் நடுவே கதவு இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்: ஒட்டாத நான்ஸ்டிக் சட்டி காலியாகச் சூடேறினால் வரும் புகை கிளியை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாமே அதன் மூச்சுக்குக் கெடுதல். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அம்மாவின் கதையே அங்கேயும் நடக்கும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீடு காலியாக இருக்கும், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், கிளி நாற்பது ஐம்பது வருடம் வாழும் என்பது தெரியுமா என்பவை மற்ற கேள்விகள். ஏற்கெனவே கிளி வளர்ப்பவராக இருந்தால் அந்தக் கிளிக்குக் கடைசியாகப் பார்த்த மருத்துவரின் பெயரைக் கேட்டு, அவரிடம் பேசுங்கள். புதுக் கிளியைத் தனி அறையில் 45 நாள் வைக்க அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

ஒத்துவரும் ஆள் கிடைத்தால் உடனே கொடுத்துவிடாதீர்கள். கைமாற்றும் முன் மூன்று நாலு தடவை அம்மா வீட்டுக்கு அவர் வந்து, கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, கையை நீட்டாமல், அதற்குப் பிடித்த தீனியைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கிளியின் கண்மணி சட்டுச் சட்டென்று சுருங்கி விரிந்து, வால் விசிறியாக விரிந்தால் கடிக்கப் போகிறது; அப்போது பின்வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அந்த நாட்களிலேயே அம்மா எடை பார்க்கத் தொடங்கட்டும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்னால், கிராம் காட்டும் சமையலறைத் தராசின் மேல் ஒரு சின்னக் குச்சி நிறுத்தத்தை வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்கி, கிளியை ஏற்றினால் போதும். கிரே பொதுவாக 400 முதல் 500 கிராம். உங்கள் கிளியின் ஒரு வார எடைகள்தான் அதற்கான அளவுகோல். தராசில் ஏற மறுத்தால், மார்பு நடுவே ஓடும் எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை நிறைந்து, எலும்பு லேசாகத்தான் தட்டுப்பட வேண்டும். எலும்பின் விளிம்பு கூராக எழுந்து நின்றால் மெலிந்திருக்கிறது. இறகு புஸ்ஸென்று இருப்பதால் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

உணவை மாற்றுவதைக் கைமாற்றும் வேலையோடு சேர்க்காதீர்கள். அப்பா கொடுத்தது வெறும் சூரியகாந்தி விதையும் பால் சாதமும் பிஸ்கட்டும் என்றாலும், புது வீட்டில் முதல் இரண்டு வாரம் விதை அப்படியே தொடரட்டும். பாலும் பிஸ்கட்டும் மட்டும் இன்றே நிறுத்தலாம். பாலைச் செரிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. அதன் பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் வேகவைத்த கொண்டைக்கடலை, மக்காச்சோளம், துருவிய கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை கலந்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு விதை வைக்க வேண்டும். சென்னை வெயிலில் ஈர உணவு அதற்கு மேல் நின்றால் கெட்டுவிடும். முளைகட்டிய பயறும் நல்லதுதான், ஆனால் மூன்று தண்ணீர் அலசி, வாடை வந்தால் தூக்கிப்போட வேண்டும். காரம் கிளிக்கு உறைக்காது, பழுத்த மிளகாயை ரசித்துத் தின்னும். பச்சைக்கிளிக்குக் கோவைப்பழம் கிடைத்தால் கொடுங்கள். தோலோடு இருக்கும் நிலக்கடலையைக் கடற்கரை ஈரப்பதத்தில் கொடுக்கவே வேண்டாம், பூஞ்சை பிடித்திருக்கும். கிரேயின் நுரையீரல் பூஞ்சைத் தொற்றுக்கு எளிதில் ஆளாகும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, டீ, உப்பு தூக்கலான நொறுக்குத்தீனி எல்லாம் நஞ்சு. மாற்றும் காலத்தில் எடை பத்து சதவீதம் குறைந்தால், அதாவது 450 கிராம் கிளி 405க்கு வந்தால், நிறுத்திப் பழைய உணவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கொண்டுபோகும் நாள் காலை வேளையாக இருக்கட்டும். பெரிய கூண்டில் வைத்து வண்டியில் ஏற்றாதீர்கள். சின்னப் பயணப் பெட்டியில் தாழ்வாக ஒரு குச்சி, அடியில் துண்டு, குடிக்கத் தண்ணீருக்குப் பதில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய். பழைய கூண்டு, பழைய பொம்மைகள், அது உட்காரும் அதே குச்சி எல்லாம் கூடவே போக வேண்டும், புதுப் பெரிய கூண்டுக்கு ஒரு மாதம் கழித்து மாறலாம். அங்கே கூண்டைச் சுவர் ஓரமாக வைத்து, மூன்று பக்கம் மெல்லிய துணி போட்டு, முதல் வாரம் யாரும் கையில் எடுக்க முயலாமல் விட வேண்டும். அது பேசும் வார்த்தைகள், என்ன சொன்னால் என்ன செய்யும், எதற்குப் பயப்படும், அப்பா எந்தச் சீட்டி அடிப்பார் என்று அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுங்கள். அப்பாவின் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் எனக்குத் தயக்கம்தான். சில கிளிகள் அமைதியாகின்றன, சில ஆளைத் தேடி இன்னும் அதிகமாகக் கத்துகின்றன. ஒரு தரம் போட்டுப் பார்த்து, பதற்றம் தெரிந்தால் மறுபடி போடாதீர்கள்.

எழுத்து ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்: விற்கவோ மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கவோ கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் உங்களுக்குத்தான் திருப்பித் தர வேண்டும், பரிவேஷில் பெயர் மாற்றத்தை இரண்டு பேரும் சேர்ந்து முடிக்க வேண்டும். முதல் மாதம் வாரம் ஒரு முறை தராசில் கிளி நிற்கும் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எண் தெரியும்படி எடுத்த அந்த ஒரு படம், ‘நல்லா இருக்கு’ என்ற பத்து வாட்ஸாப் செய்திகளைவிட அதிகம் சொல்லும். மூன்று மாதம் வரை அங்கே ஒத்துவராமல் போக வாய்ப்பு இருக்கிறது. அதனால் தேடும்போதே இரண்டாவதாக ஒரு குடும்பத்தைப் பார்த்து வைத்து, அவர்களிடமும் தொடர்பில் இருங்கள்.